இரும்புக்குள் என்ன நடக்கிறது? வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

இரும்பு உடைவதற்கும் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2014-ல் எங்கள் பட்டறைக்கு 400 பின்கள் திரும்பி வந்தபோதுதான் அந்தச் சம்பந்தம் புரிந்தது.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் வருவது திருமழிசை. ஆழ்வார் பிறந்த ஊர் என்று பலருக்கும் தெரியும். லேத், மில்லிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது சிட்கோ தொழிற்பேட்டை இருக்கும் ஊர். அங்கே ஒரு சிறு பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன்.

திரும்பி வந்த பின்கள் இ.என். 19 என்ற ரக ஸ்டீலில் செய்தவை. பர்னஸில் 860 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வைத்து, ஆயிலில் முக்கிக் குளிர்வித்து, பிறகு குறைந்த சூட்டில் டெம்பர் செய்ய வேண்டும். ரசாயனச் சோதனை ரிப்போர்ட் சரி. அளவுகள் சரி. கடினத்தன்மை, அதாவது ஹார்ட்னஸ், அதுவும் சரி. ஆனால் இம்பாக்ட் சோதனையில், ஊசல் போல ஆடி வரும் சுத்தியலின் ஒரே அடிக்கு, மாதிரித் துண்டு கண்ணாடி போல உடைந்துவிட்டது. வாங்க வேண்டிய அடியில் பாதியைக்கூட அது வாங்கவில்லை.

பழி பர்னஸ் ஆபரேட்டர் மேல் விழுந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடப் போனதில் பின்கள் 40 நிமிடம் கூடுதலாக உள்ளே இருந்துவிட்டன. ரிஜிஸ்டரில் அவரே எழுதி வைத்திருந்தார். "நேரம் அதிகமானதால்தான் கெட்டுப் போச்சு, சம்பளத்தில் பிடியுங்கள்" என்று பேச்சு கிளம்பியது. அது சரியா என்று பார்க்கத்தான் நான் என் லேப்டாப்பைத் திறந்தேன். அதில் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம்.

கிரெயின் என்றால் என்ன?

வீட்டில் ஜி.ஐ. பக்கெட் அல்லது ஜி.ஐ. தகடு இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இலை இலையாக, சில இடம் பளபளப்பாகவும் சில இடம் மங்கலாகவும் ஒரு கோலம் தெரியும். ஒவ்வொரு இலையும் துத்தநாகத்தின் ஒரு படிகம். அதற்குள் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துப் படிகத்தில் அதே அணுக்கள் வேறு கோணத்தில் நிற்கின்றன. அதனால்தான் வெளிச்சம் வேறு மாதிரி படுகிறது.

எல்லா உலோகமும் இப்படித்தான், சிறு சிறு படிகங்கள் நெருக்கமாக ஒட்டி உருவானது. பட்டறையில் இந்தப் படிகத்தை கிரெயின் என்போம். இரண்டு கிரெயின்கள் சந்திக்கும் கோடு கிரெயின் எல்லை. இரும்பில் இவை மிகவும் சிறியவை. மேற்பரப்பைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்து, அமிலத்தால் லேசாக அரித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். இப்படி ஸ்டீலைப் பார்க்கலாம் என்று 1860-களிலேயே காட்டியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி சார்பி.

உடைந்த பின் ஒன்றை அம்பத்தூரில் ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்து போட்டோ எடுத்தோம். பர்னஸ் சூட்டில் இருந்தபோது கிரெயின் எந்த அளவில் இருந்தது என்பது அந்த போட்டோவில் தெரியும். நல்ல பின்களில் சராசரி விட்டம் 22 மைக்ரான் அளவில் இருந்தது. உடைந்ததில் 90 மைக்ரான். அதாவது 4 மடங்கு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய கிரெயினுக்கு ஏன் பலம்?

ஒரு பெரிய ஜமக்காளத்தைத் தரையில் மொத்தமாக இழுப்பது கடினம். ஒரு ஓரத்தில் சிறு மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளம் சுலபமாக நகரும். உலோகம் வளைவதும் இப்படித்தான். அணு வரிசையில் இருக்கும் ஒரு கோளாறு, அந்த மடிப்பைப் போல நகர்கிறது. இதற்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். 1934-ல் டெய்லர், ஓரோவான், போலானி என்ற மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள்.

இந்த மடிப்பு கிரெயின் எல்லைக்கு வந்தால் நின்றுவிடும், ஏனென்றால் அடுத்த கிரெயினில் வரிசை வேறு கோணத்தில் இருக்கிறது. கிரெயின்கள் சிறியதாக இருந்தால் எல்லைகள் அதிகம், தடைகளும் அதிகம். எனவே உலோகத்தை வளைக்க அதிக விசை வேண்டும். பிரிட்டனில் 1951-ல் ஹால், 1953-ல் பெட்ச் ஆகியோர் இதை ஒரு சூத்திரமாகவே தந்தார்கள். இன்றும் அதற்கு ஹால்-பெட்ச் சூத்திரம் என்றே பெயர்.

இதை எக்செலில் போட்டுப் பார்ப்போம். முதல் நெடுவரிசையில் கிரெயின் விட்டத்தை மைக்ரானில் எழுதுங்கள்: 100, 25, 4. அடுத்த நெடுவரிசையில், 740-ஐ அந்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, வருவதோடு 70-ஐக் கூட்டச் சொல்லி பார்முலா எழுதுங்கள். 70, 740 ஆகியவை சாதாரண மைல்டு ஸ்டீலுக்குப் பாடப்புத்தகங்கள் தரும் எண்கள். விடை, ஸ்டீல் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், மெகா பாஸ்கலில்.

100 மைக்ரானுக்கு 144 வரும். 25-க்கு 218. 4-க்கு 440. கவனியுங்கள், மூன்றும் ஒரே ஸ்டீல். ஒரே ரசாயன ரிப்போர்ட். உள்ளே இருக்கும் கிரெயின் அளவு மட்டும் மாறியதில் பலம் 3 மடங்காகிவிட்டது. ரசாயன ரிப்போர்ட் என்பது சமையலுக்கு வாங்கிய சாமான் பட்டியல் மாதிரி. அதை வைத்து சாம்பார் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எங்கள் பின்னில் ஹார்ட்னஸ் ஏன் சரியாக இருந்தது? ஆயிலில் முக்கி டெம்பர் செய்த ஸ்டீலில் ஹார்ட்னஸைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கார்பன் அளவும் டெம்பர் சூடும்தான். கிரெயின் பெரிதானால் அது அவ்வளவாக மாறாது. ஆனால் விரிசல் ஓடுவது சுலபமாகிவிடும். அதனால்தான் ஹார்ட்னஸ் மெஷின் எதையும் காட்டவில்லை, இம்பாக்ட் மெஷின் காட்டிவிட்டது.

நுரையும் கட்டமும்

கிரெயின் ஏன் பெரிதாகிறது? பக்கெட்டில் சோப்பு நுரையைச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். சின்னக் குமிழிகள் சுருங்கி மறையும். பெரியவை மேலும் பெரிதாகும். மொத்த எல்லைப் பரப்பைக் குறைத்துக்கொள்ள நுரை முயல்கிறது. சூடான உலோகமும் அதையேதான் செய்கிறது.

இதைக் கம்ப்யூட்டரில் செய்துகாட்டும் வழியை 1984-ல் அமெரிக்காவில் ஆண்டர்சன், ஸ்ரோலோவிட்ஸ், கிரெஸ்ட், சாஹ்னி ஆகிய நால்வர் வெளியிட்டார்கள். அன்றைக்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவைப்பட்ட வேலை. இன்று சாதாரண லேப்டாப் போதும். பைத்தானில் எழுதினால் 40, 50 வரிகளுக்குள் முடிந்துவிடும். செய்முறை இதோ.

1. நீளத்தில் 200, அகலத்தில் 200 என்று 40,000 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையை உருவாக்குங்கள்.

2. ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 64 வரை ஏதாவது ஒரு எண்ணைக் குலுக்கல் முறையில் போடுங்கள். எண் என்பது அந்த இடத்தில் அணு வரிசை நிற்கும் கோணம். ஒரே எண் உள்ள பக்கத்துக் கட்டங்கள் சேர்ந்தால் ஒரு கிரெயின்.

3. குலுக்கலில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சுற்றியுள்ள 8 கட்டங்களில் எத்தனை வேறு எண்ணாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். பலகையின் ஓரத்தில் இருக்கும் கட்டத்துக்கு எதிர் ஓரத்தில் உள்ளதைப் பக்கத்து வீடாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. அந்த 8 பேரில் ஒருவருடைய எண்ணை இந்தக் கட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்து, மறுபடி எண்ணுங்கள். வேறுபாடு கூடவில்லை என்றால் புது எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கூடினால் பழைய எண்ணையே விட்டுவிடுங்கள்.

5. இப்படி 40,000 முறை செய்தால் ஒரு சுற்று. 1,000 சுற்றுகள் ஓடவிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுத்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் டி.வி.யில் சிக்னல் போனது போல வெறும் புள்ளிகள் தெரியும். சில சுற்றுகளிலேயே சிறு திட்டுகள் கூடும். பிறகு ஒன்றை ஒன்று விழுங்கி வளரும். மைக்ராஸ்கோப் போட்டோவைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் உறவுக்காரர்கள் என்று தெரியும். இத்தனைக்கும் நாம் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு விதிதான்.

அளப்பதும் சுலபம். படத்தின் குறுக்கே ஒரு நேர்க்கோடு போட்டு, அது எத்தனை எல்லைகளை வெட்டுகிறது என்று எண்ணி, கோட்டின் நீளத்தை அந்த எண்ணால் வகுங்கள். சோதனைக்கூடத்திலும் போட்டோ மேல் இப்படித்தான் அளக்கிறார்கள். பல கோடுகள் போட்டுச் சராசரி எடுங்கள்.

16 மணி நேரக் கணக்கு

அன்றிரவு என் திரையில் வந்த முடிவு இது. சுற்றுகளை 4 மடங்காக்கினால் கிரெயின் 2 மடங்காகக்கூட வரவில்லை, சற்றுக் குறைவாகவே வந்தது. ஏட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. தூய உலோகத்தில், மாறாத சூட்டில், கிரெயின் விட்டம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 2 மடங்கு வளர 4 மடங்கு நேரம் வேண்டும். 4 மடங்கு வளர 16 மடங்கு நேரம் வேண்டும்.

இப்போது எங்கள் ரிஜிஸ்டருக்கு வருவோம். வழக்கமான நேரம் 60 நிமிடம். அன்றைக்கு 100 நிமிடம். இந்த விகிதத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3. எனவே நேரம் மட்டுமே காரணம் என்றால் 22 மைக்ரான் கிரெயின் 29 மைக்ரானாகத்தான் ஆகியிருக்க வேண்டும். 90 மைக்ரானுக்கு வர வேண்டுமானால், காலை 9 மணிக்கு உள்ளே வைத்த பின்கள் மறுநாள் விடியற்காலை 1 மணி வரை உள்ளேயே இருந்திருக்க வேண்டும். அன்று மாலையே அவை ஆயிலில் முக்கி வெளியே வந்துவிட்டன.

ஒரு சந்தேகம் வரலாம். கம்ப்யூட்டர் சுற்றும் கடிகார நிமிடமும் ஒன்றா? இல்லை. ஒரு சுற்றுக்கு இத்தனை நிமிடம் என்று சொல்ல, அந்த ஸ்டீலிலேயே சோதனை செய்து இணைத்துக் காட்ட வேண்டும். அதை நான் செய்யவில்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது விகிதம் மட்டுமே. எத்தனை மடங்கு நேரத்துக்கு எத்தனை மடங்கு வளர்ச்சி என்பதற்கு நிமிடக் கணக்கு வேண்டியதில்லை.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. நிஜ ஸ்டீல் இவ்வளவு எளிதானதா? இல்லை. இந்த வகை ஸ்டீலை உருக்கும்போது அலுமினியம் சேர்ப்பது உண்டு. அது நைட்ரஜனோடு சேர்ந்து மிக நுண்ணிய துணுக்குகளாகி, கிரெயின் எல்லைகளை ஆணி அடித்தது போலப் பிடித்து வைக்கும். என் புரோகிராமில் அந்த ஆணிகள் கிடையாது. ஆனால் ஆணிகள் இருந்தால் வளர்ச்சி இன்னும் மெதுவாகத்தான் இருக்கும், 16 மடங்கு நேரமும் போதாது. மாதிரியில் உள்ள குறை, ஆபரேட்டருக்குச் சாதகமான பக்கமே சாய்கிறது.

அப்படியானால் 90 மைக்ரான் எங்கிருந்து வந்தது? மீதி இருப்பது சூடு. நேரம் கூடினால் வர்க்கமூலமாக வளரும் கிரெயின், சூடு கூடினால் தாறுமாறாக வளரும். அதிலும் ஏறத்தாழ 1000 டிகிரியைத் தாண்டும்போது நான் சொன்ன அலுமினிய ஆணிகள் கரையத் தொடங்குகின்றன. பிடி விட்டதும் கிரெயின் திடீரென்று பெருத்துவிடும்.

ஆனால் பர்னஸ் டிஸ்பிளே 860 என்றுதானே காட்டியது? தெர்மோகப்பிளைக் கழற்றிப் பார்த்தோம். அதன் முனை உறைக்குள் நழுவி, சூடான அறையை விட்டு சுவர்ப் பக்கம் பின்வாங்கியிருந்தது. முனை இருந்த இடத்தின் சூடுதான் டிஸ்பிளேயில் 860. பின்கள் இருந்த இடத்துக்கு வேறொரு தெர்மோகப்பிளை விட்டுப் பார்த்தபோது 1050-க்கும் மேல் காட்டியது.

இதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. அன்று காலை ஆபரேட்டர் என்னிடம் வந்து, "சார், இன்னைக்கு நெருப்பு நெறம் வேற மாதிரி இருக்கு. செவப்பா இல்ல, மஞ்சளடிக்குது" என்றார். நான் டிஸ்பிளேயைக் காட்டி, "860-தானே இருக்கு அண்ணே, நீங்க போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். 860 டிகிரியில் இரும்பு சிவப்பாக இருக்கும், 1050-ல் ஆரஞ்சு மஞ்சளாகிவிடும். அவர் 20 வருடமாகப் பார்த்த நிறம் அது. முதலாளியிடம் போய் கணக்கையும் சொன்னேன், இதையும் சொன்னேன். சம்பளத்தில் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் எங்களுக்குத் தெர்மோகப்பிளைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நேரம் காரணமாக இருக்க முடியாது" என்று மட்டும் சொன்னது. எங்கே தேட வேண்டாம் என்று தெரிந்ததால், தேட வேண்டிய இடத்துக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தோம். மாதிரிக் கணக்குகளின் பெரிய உபயோகமே இதுதான்.

சிறியது எப்போதும் நல்லதா?

ஹால்-பெட்ச் சூத்திரத்தைப் பார்த்துவிட்டு, கிரெயின் சிறியதாக இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது சாதாரண சூட்டுக்கு மட்டும் சரி. அதிகச் சூட்டில் கதை தலைகீழ். அங்கே கிரெயின்கள் எல்லைகளில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். எல்லை அதிகம் என்றால் வழுக்கலும் அதிகம்.

இந்த வழுக்கலை ஒரு வசதியாகவும் பயன்படுத்தலாம். சில கலவை உலோகங்களில் கிரெயினைச் சுமார் 10 மைக்ரானுக்குக் கீழே வைத்து, தக்க சூட்டில் மெதுவாக இழுத்தால், சூயிங்கம் போலப் பல மடங்கு நீளும். இதற்கு சூப்பர்பிளாஸ்டிசிட்டி என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கே.ஏ. பத்மநாபன் இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர். டேவீஸ் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1980-ல் வெளியானது. எல்லை வழுக்கலை அடிப்படையாக வைத்துக் கணித மாதிரியும் உருவாக்கியவர் அவர்.

அதே வழுக்கல் ஆபத்தாகும் இடமும் உண்டு. அதிகச் சூட்டில், பாரத்தில், வருடக்கணக்கில் இருக்கும் உலோகம் மெல்ல மெல்ல நீளும். இதை க்ரீப் என்பார்கள். மின் நிலையக் குழாய்களில் பயன்படும் 9 சதவீத குரோமியம் ஸ்டீலில் வெல்டிங் செய்தால், வெல்டுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய பட்டையில் கிரெயின் மிகச் சிறியதாகிவிடும். பல வருடம் கழித்து விரிசல் வருவது பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த விரிசலைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஜெட் இன்ஜின் டர்பைன் பிளேடில் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லையே இல்லாமல் முழு பிளேடையும் ஒரே கிரெயினாக வார்க்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் அப்படிப்பட்ட 60 பிளேடுகளை ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக எச்.ஏ.எல். நிறுவனத்துக்குக் கொடுத்ததாக 2021 ஏப்ரலில் டி.ஆர்.டி.ஓ. அறிவித்தது.

எனவே மாதிரியை ஓடவிடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பொருள் எந்தச் சூட்டில் வேலை செய்யப் போகிறது?" என்பது. கேள்வி தவறானால், கம்ப்யூட்டர் தவறான கேள்விக்கும் சரியாகவே பதில் சொல்லும்.

இலவச சாப்ட்வேர்கள்

கட்டப் பலகையைத் தாண்டிப் போக விரும்புகிறவர்களுக்கு மூன்று சாப்ட்வேர்களைச் சொல்கிறேன். மூன்றும் இலவசம்.

இமேஜ்ஜே: அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவானது. மைக்ராஸ்கோப் போட்டோவைத் திறந்து நீளம், பரப்பு, எண்ணிக்கை அளக்கலாம். தொடங்குபவர்களுக்கு இதுவே போதும்.

ஊஃப்: அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் உருவாக்கியது. நுண்ணமைப்பு போட்டோவையே உள்ளே கொடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பண்புகளைச் சொன்னால், பாரம் ஏற்றும்போது அழுத்தம் எங்கே குவிகிறது என்று கணக்கிட்டுக் காட்டும்.

டமாஸ்க்: ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவானது. ஒவ்வொரு கிரெயினும் எந்தத் திசையில் வளைகிறது என்பது வரை கணக்கிடும். லினக்ஸும் பொறுமையும் தேவை. இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ஏற்றது.

எதை எடுத்தாலும் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். நிஜப் பொருளின் ஒரு போட்டோவாவது, ஒரு சோதனை முடிவாவது கையில் இல்லாமல், திரையில் வரும் வண்ணப் படத்தை நம்பிவிடாதீர்கள். எங்கள் விஷயத்தில் 22, 90 என்ற இரண்டு எண்களும் ரிஜிஸ்டரில் இருந்த 100 நிமிடமும் இல்லை என்றால், என் புரோகிராம் வெறும் ஸ்கிரீன் சேவர்தான். அந்த 100 நிமிடத்தை மறைக்காமல் எழுதி வைத்தவர் ஆபரேட்டர்.

அதற்குப் பிறகு எங்கள் பர்னஸ் ரிஜிஸ்டரில் ஒரு நெடுவரிசை கூடியது. நேரம், டிஸ்பிளே காட்டும் சூடு ஆகியவற்றுக்குப் பக்கத்தில், "நிறம்" என்று. டிஸ்பிளேயும் நிறமும் ஒத்துப்போகவில்லை என்றால் சரக்கை உள்ளே வைப்பதில்லை. அந்த நெடுவரிசையை நிரப்பும் பொறுப்பு அவருக்கு.